பாமினியில் எழுதிய வாழ்த்து

மனைவி வசந்தியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் படங்களும் வாழ்த்துமாக ஒரு பவர்பொயின்ற் கோப்புச் செய்தேன். பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில், விழா மண்டபத்துக் கணினியில் திறந்தால், தமிழெல்லாம் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பிக் கிடந்தது. நான் தட்டிய பாமினி எழுத்துரு அங்கே இல்லை. கோப்போடு அதுவும் தானாகப் போகும் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்டும் விளங்கேல்லை அண்ணை," என்றார் மண்டபக்காரர்.

வசந்தி பாரிஸ் லா சப்பல் அச்சகமொன்றில் பதினைந்து வருடம் பாமினியில் கலியாணக் காட் தட்டியவள். எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்துக்கு என்பது அவளுக்கு மனப்பாடம். எழுந்து நின்று, அந்தக் குழப்பத்தைத் தடங்கலில்லாமல் தமிழாக வாசித்தாள். கடைசி வரியில் நிறுத்தினாள்.

"மிச்சத்தை வீட்டை போய் வாசிக்கிறன்."

இப்போதெல்லாம் யூனிகோட்டில்தான் தட்டுகிறேன். பிடிஎஃப் பிரதியும் கொண்டுபோகிறேன். அவளுக்கு எழுதுவது மட்டும் இன்னும் பாமினியில்தான்.