காப்பி மண்டி

சென்னையில் பந்தயக் குதிரைகளுக்குத் தீவனம் கலப்பது என் வேலை. நான் குடிக்கும் கருப்பட்டிக் காப்பியின் அடிமண்டியை வீணாக்காமல் தவிட்டில் ஊற்றிவிடுவேன். எங்கள் ஊர் திசையன்விளையில் வீட்டு மாட்டுக்கும் அப்படித்தான் ஊற்றுவோம். இனிப்புக்காகக் குதிரை வாளியை நக்கியே காலி செய்யும்.

அப்படி நக்கிய குதிரை ஒன்று பந்தயத்தில் ஜெயித்தபோது, அதன் மூத்திரத்தில் தடைசெய்யப்பட்ட காஃபீன் இருப்பதாகச் சோதனையில் வந்தது. காப்பியில் இருப்பதுதான் அது என்று சொன்னதும் எனக்கு என் டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

"மருந்து ஒண்ணும் கொடுக்கல சார்" என்றேன் விசாரணையில். பொய்யில்லைதான், வெட்கங்கெட்ட உண்மை.

பழி, குதிரையைப் பராமரித்த மேலப்பாளையத்து அண்ணன் மீது விழுந்தது. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். அல்லாஹ் மேல் ஆணையிட்டார், ஒருவரும் நம்பவில்லை. இனி எந்த லாயத்திலும் கால் வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது, திருநெல்வேலி ஜங்ஷனில் அவர் ஓட்டும் ஆட்டோவில்தான் ஏற நேர்ந்தது. வழியில் ஒரு கடையோரம் நிறுத்தி, டம்ளரை நீட்டினார்.

"கருப்பட்டிக் காப்பி, குடிலே. அங்கன இந்த ருசி வருமா?"

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், மண்டியோடு குடித்தேன்.