வேஸ்ட் துணி கட்டிய கை

பிரியமானவர்களே, மூன்று பைக்குகள் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே வந்து நின்ற சாயங்காலத்தைச் சொல்கிறேன். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தெற்கே எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் என் மாமனார் காலத்துப் பகை. நாங்கள் மேலத்தெரு. வெட்டுக்குப் பயந்து பெருமாநல்லூர் வந்தோம். பகையும் அதே பஸ்ஸில் ஏறி வந்தது. இங்கேயும் டீ குடிக்க அவர்களுக்கு ஒரு பேக்கரி, எங்களுக்கு ஒரு பேக்கரி. கீழத்தெருக்காரர்கள் மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு இருக்கும். அந்த நிறங்களை எழுத மாட்டேன். எழுதினால் இந்தத் தாளும் ஒரு கொடியாகிவிடும்.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அன்று காலை கத்தி மணிக்கட்டை இழுத்துவிட்டது. மேஜையில் கிடந்த வேஸ்ட் துணியால் கட்டு. கோடு போட்ட துணி, அதே இரண்டு நிறம். ஊரில் யாரும் செய்யாத தப்பு. தினம் பத்து நிறம் கைவழியே போகிற இடத்தில் நிறம் வெறும் நிறமாகிவிடுகிறது.

டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே யாரோ படம் பிடித்தார்கள். கீழத்தெருவைக் கேலி பண்ணுகிறான் என்று அது சுற்றுவதாக ஊரிலிருந்து என் தங்கச்சி போனில் அழுதாள். அவர் போன் கம்பெனி கேட்டில் பூட்டிக் கிடந்தது. நேரில் போய்ச் சொல்ல அந்தப் பைக்குகளைத் தாண்ட வேண்டும். வீட்டுக்கார அம்மா, "கதவைச் சாத்திக்குங்க கண்ணு" என்று சொல்லித் தன் கதவையும் சாத்திக்கொண்டார்.

முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இவர்களை அழித்துப்போடும் என்றுதான் முதலில் வந்தது. வாய் கசந்தது. பிறகு, யாரையாவது அனுப்பும், கீழத்தெரு ஆளானாலும் சரி என்றேன்.

ஜன்னலில் பார்த்தேன். தெருமுனையில் இரண்டு பேர். பின்னால் என் வீட்டுக்காரர். முன்னால் அயர்ன் மாஸ்டர் முத்துராசு, கீழத்தெரு. எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

"நாந்தாம்ல கட்டுனேன். ரத்தம் ஒழுகுச்சு, கையில கெடச்ச துணிய எடுத்தேன். அடிக்கணும்னா என்னைய அடிங்க."



"அவன் ரத்தத்தத் தொட்டுட்டேல்ல," என்றான் ஒருவன். "இனி நீயும் மேலத்தெருதான்."

போய்விட்டார்கள்.

முத்துராசுவை அனுப்பிய கர்த்தருக்கு நன்றி. இப்போது கீழத்தெருப் பெயர்களைச் சொல்லி தினமும் ஜெபிக்கிறேன். முதலில் நாக்கு கூசியது. உங்களுக்கு ஆகாதவர்கள் பெயரையும் ஒருதரம் சொல்லிப் பாருங்கள்.

நேற்று முத்துராசுவின் அறைக் கதவில் யாரோ கரியால் ஒரு தேதி எழுதிப் போயிருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமைத் தேதி. அன்று அவர் எங்கள் வீட்டில், எங்களோடு இருப்பார். என் வீட்டுக்காரருக்காக நான் ஒருத்தி கேட்டேன், கிடைத்தது. இவருக்காக நீங்களும் கேளுங்கள்.