இஸ்திரி போட்ட வாஃபிள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ். புரத்துக் கடையொன்றில் மகள் வாஃபிள் வாங்கினாள். உருகிய வெண்ணெய் மணம். கட்டம் கட்டமாகக் குழிகள். "சாப்பிடுங்கப்பா, எதுக்குத் தடவிப் பாக்கறீங்க?" என்றாள். என்ன செய்ய? வாஃபிள் எனக்கு முதலில் துடைக்கிற துண்டு, தின்பண்டமானதெல்லாம் பிறகுதான்.

அந்தக் குழிகளைப் பார்த்து உலகம் எதற்கெல்லாமோ அதே பெயரை வைத்துவிட்டது: ஐஸ்கிரீம் கூம்பு, ஓட்டக்காரர்களின் ஷூ அடிப்பாகம், பெரிய அரங்குகளின் காங்கிரீட் கூரை. நெசவு ஊரான சென்னிமலைக்கு வந்து சேர்ந்தது, அதே போலக் குழிகுழியாக நெய்த வாஃபிள் துண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வருடத்தில் எனக்குச் சின்னச் சந்தேகம் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் என்பதில் இல்லை. சண்முகம் அண்ணனின் தறிக்கூடத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பெட்ஷீட் விற்பனை படுத்து, பாதித் தறிகள் சும்மா கிடந்தன. மாதிரித் துண்டுகளைப் பார்க்க மறுநாள் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் எல்லாத் தறியும் ஓடும்.

மத்தியானம் இஸ்திரிக்கார ராசப்பன் மலர்ந்த முகத்தோடு துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். அத்தனையும் அப்பளம் போலத் தட்டை.

"குழியெல்லாம் எங்கப்பா?" என்றார் அண்ணன்.

"மேடும் பள்ளமுமாக் கெடந்துச்சுங்க. வர்றவரு நம்மள என்ன நெனப்பாருங்க? தண்ணி தெளிக்காம, நல்லா அமுக்கித் தேச்சுபோட்டேனுங்க."

"அடப்பாவி, அந்தக் குழியப் பாக்கத்தான அவரு கடல் தாண்டி வாராரு!"

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து கைகழுவி, வெறுப்பில் அந்தத் துண்டு ஒன்றிலேயே துடைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு, இங்க ஓடியா! குழி எந்திரிக்குது பாரு!"

ஈரம் பட்ட இடமெல்லாம் நூல் சுருங்கிக் கட்டங்கள் உப்பிக்கொண்டிருந்தன. கல்யாண அண்டாவில் வெந்நீர் காய்ச்சி எல்லாவற்றையும் முக்கி, உதறிக் காயப்போட்டோம். மறுநாள் வந்தவர் கொடியிலிருந்து ஒன்றை உருவி முகத்தை ஒற்றிக்கொண்டு சிரித்தார். சித்திரைக்குள் எல்லாத் தறியும் ஓடின.

ராசப்பனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தேய்க்காத துணிய வெளிநாட்டுக்கு அனுப்பறது மருவாதிங்களா?" என்பார். கடைசியில், துண்டுக் கட்டைச் சுற்றி அனுப்பும் காடாத் துணியை இஸ்திரி போடத் தொடங்கினார். அண்ணன் பார்த்தும் பாராததுபோல இருந்துகொண்டார்.

பிற்பாடு அட்டைப்பெட்டி வந்தது, பிளாஸ்டிக் உறை வந்தது. காடாத் துணி போயிற்று. பிரித்ததும் தூக்கி எறியப்போகிற துணிக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்தனுப்பிய அந்த மரியாதையை அக்கரையில் யாராவது ஒருவர் ஒரு நொடி தடவிப் பார்த்திருந்தால் எனக்குப் போதும்.