டேங்குக்குக் கொடுக்காத தண்ணீர்

தொண்ணூறுகளில் அடுகோடி பகுதியில் எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். என் வீட்டுக்காரருக்கு வண்டிகளின் பெட்ரோல் டேங்க் ஓட்டையை கேஸ் வெல்டிங்கில் அடைக்கிற வேலை. முன்னால் ஷெட், பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. நெருப்பு வைப்பதற்கு முன் டேங்கைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிடுவார். "பெட்ரோல் இருக்கற டேங்கை விடக் காலி டேங்குதான் எமன். உள்ள ஆவி நிக்கும்" என்பார். நான் பிடித்து வைக்கிற தண்ணீரில் பாதி அதற்கே போகும். எனக்கு வயிறு எரியும்.

அன்று தண்ணீர் வராத நாள். ஒரு டிரம்தான் மிச்சம். பைக்கின் டேங்க் ஓட்டையை அடைக்க வந்த பைக்காரர் ஒருவர் ஷெட்டில் உட்கார்ந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இவர் வந்து நின்றார்.

"ரெண்டு கொடம் குடு."

"நாளைக்குத்தான் தண்ணி. உங்க டேங்குக்குத் தாகம் எடுத்தா என் பசங்க தொண்டை காயணுமா?"

"ஒரு கொடமாச்சும் குடு."

"ஒரு சொம்புகூடக் கிடையாது. நாளைக்குப் பத்த வைங்க, ஊரு ஒண்ணும் முழுகிடாது."

சண்டை போடத் தெரியாத மனுஷன். ஷெட்டுக்குத் திரும்பினார். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை டேங்கில் ஊற்றி, குலுக்கிக் கொட்டிவிட்டு நெருப்பு வைத்திருக்கிறார். பைக்காரர் பிறகு சொன்னது இது.

டேங்க் வெடித்தது. ஓடிப் பார்த்தால் சட்டையோடு எரிந்துகொண்டிருந்தார். பைக்காரர் சாக்கைப் போட்டு அணைத்தார். தீப்புண்ணுக்கு இட்லி மாவைப் பூசு என்று கிட்டே வந்த பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துத் தள்ளினேன். டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு அவர்மேல் ஊற்றினேன். அடி தட்டும்வரை ஊற்றினேன். இந்தப் பாவி அதில் ரெண்டு குடத்தை முன்னாலேயே கொடுத்திருக்கக் கூடாதா?

மூன்று நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரிடமும் மன்றாடினேன். அவர் பிழைக்க வேண்டும், பிழைத்து எழுந்து என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். விடிந்ததும் உள்ளே விட்டார்கள். முகம் முழுக்கக் கட்டு, உதடு மட்டும் தெரிந்தது.

"நாந்தாங்க தண்ணி தரல. திட்டுங்க. ஒரு வார்த்தையாச்சும் திட்டுங்க."

 மெதுவாகப் பேசினார்.

"இன்னிக்குத் தண்ணி வர்ற நாளாச்சே. இருந்ததையெல்லாம் எம்மேல ஊத்திட்டே. பசங்க குடிக்க என்ன பண்ணும்? போய்ப் புடி."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஒருமுறையாவது அவர் சொன்னதைக் கேட்போம் என்று போனேன். குழாய் வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து பைக்காரர் வந்தார். "அக்கா, முடிஞ்சிருச்சு" என்றார்.