நைனார் ரைட் சொன்ன பிறகு

ஜம்புகுமார் நைனாருக்கு நேரம் தப்பாது என்று திண்டிவனம் டெப்போவில் ஒரு பேச்சு உண்டு. இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் மணி எத்தனை என்று யார் கேட்டாலும் வாட்சைப் பார்க்காமலே சொல்வார், சரியாகவும் இருக்கும். ரிட்டயரான அன்று சாயங்காலம் அந்த வாட்சையும் கழற்றி பீரோவுக்குள் போட்டுவிட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் போன ஐப்பசியில் ஒரு படகில் உட்கார்ந்துகொண்டு, பொழுது போயிற்றா இருக்கிறதா என்று புரியாமல் போனது.

பொழுது அவருக்கு விளையாட்டு விஷயமில்லை. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். சூரியன் இறங்கிவிட்டால் சோறு வாயில் படக் கூடாது. பன்னிரண்டு வயதில் ஏற்றுக்கொண்ட விரதம். மறியல், வெள்ளம், நடுவழியில் பஞ்சர் என்று எத்தனையோ நாள் பட்டினி கிடந்திருக்கிறார், விரதத்தை மட்டும் விட்டதில்லை.

இதற்குப் பெரிய ஒத்தாசை டிரைவர் ஹமீத். கோட்டக்குப்பத்துக்காரர். மாலை டிரிப்பில் கூட்டேரிப்பட்டு டீக்கடையோரம் வண்டியை நிறுத்துவார், நைனார் டப்பாவைத் திறப்பார். ரம்ஜான் மாதம் வந்தால்தான் வேடிக்கை. ஒருவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், மற்றவர் பொழுது சாய்ந்தால்தான் தண்ணீரையே தொட முடியும். நைனார் கடைசிக் கவளத்தை விழுங்கி, டப்பாவை மூடி, தொழில் பழக்கத்தில் "ரைட்" என்பார். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும். ஹமீத் பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, "என்ன டைமிங்யா உனக்கு" என்று சிரிப்பார்.

படகு சவுரிராயனுடையது. அதே டெப்போவில் மெக்கானிக்காக இருந்து, ரிட்டயரானதும் மரக்காணத்துக்குப் பக்கத்தில் தன் மீனவக் குப்பத்துக்கே திரும்பிப் போனவர். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, "அடைமழை புடிக்கறதுக்குள்ள வாங்க, கடல்ல ஒரு ரவுண்டு போலாம்" என்று இவர்கள் இரண்டு பேரையும் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை ஒத்துவந்தது. ஹமீத் இப்போதெல்லாம் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறார். "சும்மா உக்காந்துக்கினு வர்றதுக்கு நோன்பு என்னா பண்ணுது" என்று கிளம்பிவிட்டார்.

நைனாருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மதியம் மாத்திரை போட்டால் ஐந்து மணிக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். ஆடியில் ஒருநாள் தவறவிட்டு, வாசலிலேயே நினைவு தப்பி விழுந்தார். அதனால் அவர் மனைவி பத்மாம்பாள் புளிசோறு கட்டிக் கொடுத்தாள்.

"பொழுதோட சாப்ட்ருங்க. கரைக்கு வந்து சாப்ட்டுக்கலாம்னு குந்திக்கினு இருக்காதீங்க."

"தெரியும், தெரியும்" என்றார் நைனார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், கரையை ஒட்டியே தெற்கே ஒரு சுற்று. ஐப்பசிக் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, ஆனாலும் நைனாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்க படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பார்த்த ஊர்கள், கடலிலிருந்து பார்த்தால் வெறும் பனைமர வரிசை. எது எந்த ஊர் என்று அவருக்கே தெரியவில்லை. ஹமீத் வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். ஒவ்வொரு அலைக்கும் வலது காலால் பலகையை மிதித்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார்.

திரும்பி உப்பங்கழிக்குள் நுழைந்ததும் மேகம் கவிழ்ந்தது. தூறல் பிடித்தது. சரியாக அப்போது எஞ்சின் நின்றது.

டெப்போவில் செத்த வண்டியையும் எழுப்பிவிடுவார் என்று பெயரெடுத்த சவுரிராயன், கயிற்றை இழுத்தார், பிளக்கைத் துடைத்தார், எஞ்சினைத் திட்டினார். "அஞ்சு நிமிஷம் நைனாரே" என்றார். நைனார் எஞ்சினுக்குக் குடை பிடித்தார். அந்த ஐந்து நிமிடம் முடிந்து இன்னொரு ஐந்து நிமிடம் வந்தது, அப்புறம் இன்னொன்று. தார்ப்பாய்க்கு அடியில் புளிசோறு இருந்தது. கரைக்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று, பெண்டாட்டி எதைச் செய்யாதே என்றாளோ அதையே செய்துகொண்டிருந்தார்.

முதலில் குடை ஆடியது. காற்று என்று நினைத்தார். பிறகுதான் கை நடுங்குவது தெரிந்தது. மழைக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை. ஆடி மாதம் விழுந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தது.

குடையைப் போட்டுவிட்டு டப்பாவை எடுத்தார். மூடியில் கை வைத்ததும் திக்கென்றது. மணி என்ன? வானம் நாலு பக்கமும் ஒரே சாம்பல். படகு தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததால் மேற்கு எது என்றும் விளங்கவில்லை. ஒரு பக்கம் லேசாக வெளுப்பாக இருந்தது. அதுதான் மேற்கு என்று முடிவு செய்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமும் அதே வெளுப்பு.

"சவுரி, பொழுது இருக்குதா?"

"எனக்கு என்னா தெரியும் நைனாரே? கொக்குங்க அடையப் போனா சொல்லலாம். மழைக்கு அதுங்க எப்பவோ பூடுச்சிங்க."

"பாய், உங்கிட்டதான் போன் இருக்குது, மணி பாரு."

"நனைஞ்சிடும்னு கவர்ல சுத்தி உள்பாக்கெட்ல வெச்சிருக்கேன்யா" என்றார் ஹமீத். பிறகு நைனாரின் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சாப்புடு."

"பொழுது போயிருந்தா?" நைனாருக்கு நாக்கு குழறியது. "விழுந்தாலும் பரவால்ல பாய். ஐம்பது வருஷத்து விரதம்."

ஹமீத் தன் மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். மூடிகூடத் திறக்காத பாட்டில்.

"நான் இன்னும் நோன்பு திறக்கலியே."

அவ்வளவுதான் சொன்னார். நைனாருக்கு அது போதும். ஹமீத் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் பொழுது இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பாதி டப்பா காலியானதும்தான் எதிரில் இருப்பது ஹமீத் என்பதே தெளிவாகத் தெரிந்தது. டப்பாவை மூடினார்.

"ரைட்" என்றார்.

ஹமீத் "பிஸ்மில்லாஹ்" என்று பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

எஞ்சின் கடைசிவரை எழவில்லை. சவுரிராயன் கழியூன்றித் தள்ளியே கரை சேர்த்தார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹமீத் படகிலிருந்து குதித்து, செருப்பைக்கூடப் போடாமல் பள்ளிவாசல் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். டீக்கடைக் கடிகாரத்தில் மணி ஆறேகால்.

நைனார் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். தள்ளி வந்தது எவ்வளவு நேரம்? கால் மணியா, முக்கால் மணியா? விரலை மடக்கினார், பிரித்தார். ஒரு தடவை பொழுதுக்கு முன்னால் சாப்பிட்டதாக வந்தது, அடுத்த தடவை பொழுதுக்குப் பின்னால் போயிற்று.

"நீங்க டப்பாவ எடுக்கறப்ப பாய் பாக்கெட்ல ஏதோ சத்தம் கேட்டுச்சி" என்றார் சவுரிராயன், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "டக்குனு அமுக்கிட்டாரு. போன்ல வர்ற பாங்கா, எவனாவது கால் பண்ணானான்னு தெர்ல."

நைனாருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை, திறக்க வேண்டிய நேரத்திலும் திறக்காமல், தனக்காகக் காத்திருந்ததா? அப்படியானால் தன் விரதம் போயிற்று. இல்லையென்றால், பத்தரைமாற்று மனிதனைச் சந்தேகப்பட்ட பாவம்.

ஹமீத் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டார். "உண்மையச் சொல்லு பாய். நான் சாப்டறப்ப பொழுது இருந்துச்சா?"

"இத்தனை வருஷம் உன் ரைட்டை நம்பி வண்டி எடுத்தேன். ஒருநாளாவது திரும்பிப் பாத்தேனா?" என்றார் ஹமீத். "ஜல்தி வா, உன் பஸ்ஸு வந்துடுச்சி."

வீட்டில் பத்மாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏங்க, பொழுதோட சாப்ட்டீங்களா?"

நைனார் செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"பாய் நோன்பு திறக்கறதுக்கு முன்னாடியே சாப்ட்டேன்."

"அப்ப சரி" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். சொன்னதில் பொய் இல்லை. உண்மையா என்பதுதான் அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.