யாரும் தொடாத மண்வெட்டி

ரசலையனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைத் திருவட்டாறு பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. உள்ளூரில் வாங்கினால் சீக்குப் பிடித்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று, மாநில எல்லை தாண்டிப் போய் நூறு ரசகதலி வாழைக்கன்று வாங்கி வந்து நட்டவர். அவருடைய மண்வெட்டியை மனைவி ஓமனாகூடத் தொடக் கூடாது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் காணிக்கையாக வைக்கும் விளைச்சலில் முதலில் ஏலம் போவது எப்போதும் அவருடைய குலைதான். அந்தப் பெருமையில் மட்டும் மனுஷனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்த ஆண்டு வரப்போரத்து மூன்று வாழைகளில் இலைகள் மஞ்சளாகி, மடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கின.

"அடுத்த தோட்டத்துக் கிருஷ்ணமணிக்க வேலையாக்கும். ரப்பர் பாலுக்கு ஊத்துற ஆசிட்ட வாழ மூட்டுல ஊத்திருக்கான்," என்றார் ரசலையன்.

"நம்ம பிள்ளைக்கு ரத்தம் குடுத்த மனுஷன் அவரு. வாய வச்சிட்டு சும்மா கெடயுங்க," என்றாள் ஓமனா.

சும்மா கிடப்பாரா? மூன்று வாழையின் வேரையும் தோண்டி மண்ணை முகர்ந்தார். வாடையே இல்லை. அடப்பாவி, வாடையில்லாத விஷம்! அதே மண்வெட்டியோடு தோட்டம் முழுக்க மூடு மூடாக, ஒவ்வொரு வாழையின் அடியையும் தோண்டி முகர்ந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணமணி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வரப்பைத் தாண்டி அவருடைய நாலு வாழையின் அடியையும் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதத்தில் இருபது வாழை வாடிவிட்டன. வேளாண்மை அலுவலர் அஜிஷா வந்து ஒரு தண்டை வெட்டிக் காட்டினாள். உள்ளே செம்பழுப்பு வரிகள்.

"பூஞ்சணம், அண்ணாச்சி. கன்னுலயே வந்திருக்கும். வேர் வழியா மேல ஏறும். அத ஏற விடாம இருக்க, வாழ தனக்க தண்ணிக் குழாய பிசின் வச்சு அடைக்கும். சட்டுனு அடைச்சா தப்பிக்கும். தாமசிச்சா பூஞ்சணம் முந்திரும், அடைச்ச அடைப்புல தண்ணியும் ஏறாது."

"மத்த மூட்டுக்கு எப்பிடிப் போச்சு?"

"மண்ணு ஒட்டுன எதுலயும் போகும். இந்த மண்வெட்டிய யாரெல்லாம் எடுத்தாவ?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல ரசலையன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தனையும் தொட விடமாட்டேன் மேடம். நான் மட்டுந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. வெட்கத்தில் முகம் செத்துப்போயிற்று.

"எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கணும். பக்கத்துத் தோட்டமாவது தப்பிச்சுதே," என்றாள் அஜிஷா.

வரப்புக்கு அந்தப்பக்கம் கிருஷ்ணமணி குலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஓய் ரசலையா, மனசு விடாதயும். இந்த வருசம் சபைக்கு எனக்க குலைய வெட்டிட்டுப் போவும்," என்று கூப்பிட்டுச் சொன்னார்.

ரசலையன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்புவரை நடந்தார். அதைத் தாண்டவில்லை.

"கிருஷ்ணமணி, ஒமக்க நாலு வாழ மூட்ட நான் தோண்டிட்டேன் ஓய்."