தலை குனியாத குழந்தை

இன்று அமாவாசை. திருவள்ளூர் கோயிலில் சரியான கூட்டம்.

வரிசையில் எனக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ஒரு பெண். அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை, தலையைப் பின்னால் சாய்த்தபடி. மூச்சு விடும்போதெல்லாம் கர்ரென்று சத்தம். சளி என்று நினைத்தேன்.

பட்டர், தலையில் வைத்து ஆசி தரும் சடாரியோடு வந்தார். எல்லோரும் குனிந்தோம். குழந்தை மட்டும் குனியவில்லை.

"பெருமாள் எதிர்ல இன்னா செல்லம் இவ்ளோ திமிரு?" என்று அதன் பின்னந்தலையைப் பிடித்து முன்னால் அழுத்திவிட்டேன்.

சத்தம் நின்றது. மூச்சும் நின்றது. உதடு நீலமாகிவிட்டது.

"ஐயோ, கைய எடுங்கக்கா!" தாய் என் கையைத் தட்டிவிட்டு, குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்தாள். கர்ரென்று மூச்சு திரும்பியது.

"பொறவியிலேயே ரத்தக்கொழா ஒண்ணு வளையமாட்டம் மூச்சுக்கொழாயையும் சோத்துக்கொழாயையும் சுத்தி நெருக்கிக்கினு கீதாம். பட்டணத்துல மருந்து குடிக்கவெச்சு எக்ஸ்ரே எடுத்துச் சொன்னாங்கோ. தலைய சாய்ச்சாதான் மூச்சு வரும். கஞ்சி தவிர எதுவும் எறங்காது. திங்கக்கெழம ஆபரேசன்" என்றாள்.

பின்னால் ஒருத்தி, "புண்ணியம் தேட வந்த எடத்துல கொலைக்கேசு ஆயிருக்கும்" என்றாள்.

பட்டர் குழந்தையின் நிமிர்ந்த நெற்றியில் சடாரியை வைத்தார். அது சிரித்தது. அடுத்து எனக்குச் சடாரி. குனிந்த தலையை நிமிர்த்தியபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தக் குழந்தைக்கு அர்ச்சனை செய்ய வேண்டும். பெயரும் நட்சத்திரமும் பட்டர் கேட்பார். திமிர் என்று சொல்லத் தெரிந்த எனக்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. யார் பெயருக்கு என்று சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.